கிராகோவ் நகரத்துக் கதைகளில் எது பழசு, எது புதுசு?

உங்கள் மகள் போலந்தின் கிராகோவ் நகரத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். நீங்களும் மனைவியும் அடுத்த வருடம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறீர்கள். ஊரைச் சுற்றிக் காட்டியவர் அவளிடம் டிராகன் கதை, கோபுரத்து எக்காளக்காரன் கதை, தாத்தாரியக் குதிரைக்காரன் கதை என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் வாவெல் கோட்டைக்குள் சிவபெருமான் எறிந்த கல் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னாராம். "இதில் எது நிஜம், எது டூரிஸ்ட்டுகளுக்காகக் கட்டிவிட்டது? எந்த மாதம் போனால் திருவிழா பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் உண்மையில் ஓடுவது, "நான் கேட்டு ரசித்தால் ஏமாந்தவன் ஆவேனா?" என்ற கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. நியாயமான கேள்வி. நான் படித்தது நாட்டார் வழக்காற்றியல். கிராகோவில் ஒன்பது வருடம் வாழ்ந்தேன், அதில் பாதிக் காலம் இந்தக் கதைகளையும் ஊர் விழாக்களையும் பின்தொடர்வதிலேயே போனது. எனக்குத் தொல்லியல் தொழில் இல்லை, இடைக்கால லத்தீனும் தெரியாது. பழைய வரலாற்று நூல்களைப் போலிஷ் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கிராகோவில் பெரும்பாலும் சடங்கு மூத்தது, கதை இளையது. வருடா வருடம் ஒரு காரியத்தைச் செய்துகொண்டே வருகிறார்கள். ஏன் செய்கிறோம் என்பது மறந்துபோகிறது. பிறகு யாரோ ஒருவர் அதற்கு ஒரு காரணக்கதை சொல்கிறார், அது பிடித்துப்போய் ஊரே சொல்லத் தொடங்குகிறது. "கதை பொய்" என்று தெரிந்ததும் சடங்கையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் அந்த ஊரில் பார்க்க வேண்டிய மிக நல்ல விஷயம் கைநழுவிப்போகும்.

எக்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரச் சதுக்கத்தில் புனித மரியாள் ஆலயத்துக்கு இரண்டு கோபுரங்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரமானது 80 மீட்டருக்கும் மேல். அதன் உச்சி அறையிலிருந்து மணிக்கு ஒரு முறை, பகல் இரவு எல்லா மணிக்கும், ஒருவர் எக்காளம் ஊதுவார். அந்த இசைக்கு ஹெய்னவ் என்று பெயர். விடியல் என்று பொருள்படும் ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது அது. நான்கு திசைக்கும் நான்கு முறை ஊதுவார்கள். முதலில் வாவெல் பக்கம், அது அரசனுக்கு. அடுத்து நகர மன்றத்துப் பக்கம், மேயருக்கு. பிறகு வடக்கு வாசல் பக்கம், ஊருக்கு வரும் விருந்தாளிகளுக்கு. கடைசியாகத் தீயணைப்பு நிலையத்துப் பக்கம். ஊதுபவர்களே தீயணைப்பு வீரர்கள்தான். ஒவ்வொரு முறையும் இசை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்து நிற்கும்.

ஏன் அறுகிறது? 1241-ல் தாத்தாரியர் (மங்கோலியப் படையினர்) படையெடுத்து வந்தார்கள், காவலன் ஊரை எச்சரிக்க ஊதினான், ஊதிக்கொண்டிருக்கும்போதே தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவன் நிறுத்திய இடத்தில்தான் இன்றும் நிறுத்துகிறார்கள் என்பது கதை. இதில் உறுதியானவை எவை? 1241 படையெடுப்பு நடந்தது, நகரம் எரிந்தது. கோபுரத்தில் காவலன் ஒருவன் ஊதிக்கொண்டிருந்தான் என்பதற்கு 1392-ஆம் ஆண்டு நகரக் கணக்கேட்டில் குறிப்பு இருக்கிறது. கோட்டை வாசல்களைத் திறப்பதும் மூடுவதும், தீப்பிடித்தால் சொல்வதும் அவன் ஊதலால்தான் நடந்தன. அம்பு பாய்ந்த கதை அப்படி இல்லை. இன்று நாம் பார்க்கும் ஆலயமும் கோபுரமும் பெரும்பாலும் 14, 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1241-ல் அங்கே நின்றது வேறொரு சிறிய ஆலயம். அந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, கிராகோவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போன அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் 1928-ல் எழுதிய சிறுவர் நாவல். அடுத்த வருடமே அதற்கு அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. அறுபடும் இசை முதலில் இருந்தது, அம்பு பிறகு வந்து சேர்ந்தது என்பதுதான் என் முடிவு.

ஆனால் ஒன்று கேளுங்கள். 1927 முதல் போலந்து வானொலி அந்த இசையை நண்பகலில் நாடு முழுக்க ஒலிபரப்புகிறது. 1944 மே 18 அன்று இத்தாலியில் மாண்டே கசினோ மலையைப் போலந்துப் படையினர் பிடித்தபோது, இடிந்துகிடந்த மடாலயத்தின் மேல் நின்று எமில் செக் என்ற வீரர் இதே ஹெய்னவை ஊதினார். அப்போது அவர்கள் நாடு அவர்கள் கையில் இல்லை. அறுபட்ட இசையை அறுபட்ட இடத்தோடு ஊதியவருக்கும், கேட்டு நின்றவர்களுக்கும் அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்பு 13-ஆம் நூற்றாண்டில் பாய்ந்ததா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை.

ஒரு ஜனவரி மாலை. ஆறு மணிக்கே கும்மிருட்டு. சதுக்கத்தில் பனி மிதிபட்டுக் கரியாகக் கிடந்தது, ஆள் நடமாட்டம் குறைவு. மேலே ஒரு சின்ன ஜன்னல் மஞ்சளாகத் திறந்தது. எக்காளத்தின் வாய் மட்டும் வெளியே நீண்டது. ஊதி முடித்ததும், இல்லை, முடிக்காமல் விட்டதும், காது அடுத்த சுரத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றது. அப்போது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. ஊதியவர் கீழே நிற்பவர்களுக்குக் கையசைப்பது வழக்கம். எனக்குப் பக்கத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை கையுறையோடு திருப்பிக் கையசைத்தது. நீங்கள் போனால் ஒரு முறையாவது கூட்டமில்லாத நேரத்தில், இருட்டிய பிறகு போய் நில்லுங்கள். நண்பகலில் செல்போன்கள்தான் தெரியும்.

லைகோனிக் என்ற குதிரைக்காரன் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. தாடி வைத்து, கூம்புத் தொப்பி போட்டு, கீழ்த்திசை உடையில் ஒருவர், இடுப்பைச் சுற்றி ஒரு மரக்குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு ஆடிவருவார். நம் பொய்க்கால் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள், காலில் கட்டை மட்டும் கிடையாது. மேளமும் வாத்தியங்களும் முன்னால் போகும். நகரத்துக்கு மேற்கே உள்ள ஸ்வியெஷினியெத்ஸ் பகுதியில் கிளம்பி, கடை கடையாக நின்று காசு வசூலித்து, மாலையில் நகரச் சதுக்கத்துக்கு வந்து சேர்வார்கள். அங்கே மேயர் கப்பம் கொடுத்து, மதுக் கிண்ணம் நீட்டி வரவேற்பார். கையிலிருக்கும் கதாயுதத்தால் அவர் தட்டினால் அந்த வருடம் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. அதனால் பெரியவர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு தோளைக் காட்டுவார்கள். இப்போது போடும் உடை 1904-ல் ஓவியரும் நாடக ஆசிரியருமான ஸ்தனிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி வரைந்து கொடுத்த வடிவம். எடை ஏறத்தாழ 40 கிலோ. ஜூன் வெயிலில் அதைச் சுமந்து நாள் முழுக்க ஆடுவது சாதாரணக் காரியமில்லை.

கதை இப்படிப் போகிறது. 1287-ல் தாத்தாரியர்கள் வந்து ஊருக்கு வெளியே முகாம் போட்டார்கள். விஸ்துலா ஆற்றில் கட்டுமரம் கட்டி மரம் மிதக்கவிடும் தொழிலாளிகள் இரவோடு இரவாகப் போய் அவர்கள் தலைவனை வெட்டிச் சாய்த்தார்கள். அவன் உடையைப் போட்டுக்கொண்டு, அவன் குதிரையிலேயே ஊருக்குள் வெற்றியோடு வந்தார்கள். திருவிருந்துப் பெருவிழா (கார்ப்பஸ் கிறிஸ்டி) நாளில் அது நடந்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 1287 படையெடுப்பு நடந்தது டிசம்பர் குளிரில். திருவிருந்துப் பெருவிழாவோ கோடையில் வருவது, அதுவும் கிராகோவில் 1320-ல்தான் கொண்டாடத் தொடங்கினார்கள். குளிர்காலத்துப் படையெடுப்பு, ஊரில் இன்னும் தொடங்காத கோடைப் பண்டிகை நாளில் எப்படி வரும்? ஊர்வலம் பற்றிய எழுத்துச் சான்றும் 18-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. வசந்தத்தின் முடிவில் குதிரை வேடம் போட்டு ஊர் சுற்றி, தட்டிக்கொடுத்து வளம் தருவது ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்த பழக்கம். அதன் மேல் கட்டுமரத் தொழிலாளர் சங்கத்தின் பெருமை ஏறி உட்கார்ந்தது, அப்புறம் தாத்தாரியர் கதை வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வளமைச் சடங்கு என்ற பகுதிக்கு ஏட்டுச் சான்று கிடையாது, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வதுதான். அதனால் அதை உறுதி என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்டர் சமயத்தில் வருவது எமாவுஸ், ரென்காவ்கா என்ற இரண்டு. எமாவுஸ் ஈஸ்டர் திங்களன்று ஸ்வியெஷினியெத்ஸ் கன்னிமடத்தின் வாசலில் கூடும் சந்தை. உயிர்த்தெழுந்த இயேசு எமாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் சீடர்களோடு நடந்தார் என்று லூக்கா சொல்வதுதான் பெயருக்குக் காரணம். மண் ஊதல், சின்ன மணி, மரக் கோடாலி, உச்சியில் பறவைக்கூடும் குஞ்சும் வைத்த சின்ன மரம் என்று விளையாட்டுச் சாமான்கள் விற்பார்கள். இந்தச் சந்தையின் பழைய சரக்குகளில் ஒன்று, கம்பிச்சுருள் மேல் நின்று ஆடும் யூதர் பொம்மை. கறுப்பு அங்கி, தாடி, கையில் புத்தகம். போருக்கு முன் கிராகோவில் நாலில் ஒருவர் யூதர். 1941-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொட்கூஷே பகுதியில் ஜெர்மானியர் அவர்களை அடைத்தார்கள், 1943 மார்ச்சில் அந்த அடைப்பையும் காலி செய்தார்கள். பொம்மை மட்டும் சந்தையில் தங்கிவிட்டது. அதை வாங்குவதா வேண்டாமா என்று நான் மூன்று வருடம் யோசித்தேன், வாங்கவில்லை. ஆனால் அதைச் செதுக்கியவர்களின் தாத்தாக்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ரென்காவ்கா. பொட்கூஷேயில் கிராகுஸ் மேடு என்று ஒரு மண்மேடு இருக்கிறது. 16 மீட்டர் உயரம், அடிப்பக்கம் குறுக்களவு 57 மீட்டர். நகரத்தை நிறுவியவன் என்று சொல்லப்படும் கிராக் மன்னன் செத்தபோது, குடிமக்கள் சட்டைக் கையில் மண்ணை அள்ளிவந்து கொட்டி எழுப்பிய சமாதி இது என்பார்கள். போலிஷில் ரென்காவ் என்றால் சட்டைக்கை, அதனால்தான் ரென்காவ்கா என்று பெயராம். கேட்க நன்றாக இருக்கிறது. மொழியியலாளர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள்: செக் மொழியில் ராகெவ் என்றால் சவப்பெட்டி, செர்பிய மொழியில் ராகா என்றால் கல்லறை, அந்தப் பழைய ஸ்லாவியச் சொல்தான் இங்கேயும் இருக்கிறது. அந்தச் சொல் மறந்துபோன பிறகு சட்டைக்கை வந்து புகுந்தது. எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அன்று செய்யும் காரியமும் அதற்கு இசைவானது. முன்பு வசதியானவர்கள் மேட்டிலிருந்து முட்டை, ஆப்பிள், ரொட்டி, தேன்பணியாரம் எல்லாம் கீழே உருட்டிவிடுவார்கள், ஏழைகளும் சிறுவர்களும் பொறுக்குவார்கள். கல்லறை மேட்டில் சாப்பாடு போடுவது யாருக்காக என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1934 முதல் 1937 வரை அந்த மேட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். கல்லறை கிடைக்கவில்லை. அவார் என்ற பழைய நாடோடி இனத்தாரின் பாணியில், 8-ஆம் நூற்றாண்டு வெண்கல இடைவார்த் துண்டு ஒன்று கிடைத்தது. ஆக மேடு மிகப் பழசு, அது மட்டும் உறுதி. உள்ளே மன்னன் இருந்தான் என்பதற்குச் சான்றில்லை. இப்போது ரென்காவ்கா நாளில் பழைய ஸ்லாவிய வீரர் உடை போட்டுக்கொண்டு இளைஞர்கள் சண்டை போட்டுக் காட்டுகிறார்கள். அது இந்த நூற்றாண்டுப் புதுவரவு. பிள்ளைகள் சந்தோஷமாகப் பார்க்கிறார்கள், நல்லதுதான். நீங்கள் பக்கத்தில் லசோட்டா குன்றின் மேல் இருக்கும் புனித பெனடிக்ட் சிற்றாலயத்துக்கும் ஒரு நடை போங்கள். ஆண்டில் மிகச் சில நாட்களே கதவு திறக்கும், அதில் இது ஒன்று.

டிராகன் மட்டும் நான் மேலே சொன்ன விதிக்கு மாறானது. அங்கே கதைதான் மூத்தது. 1200-ஐ ஒட்டிய காலத்தில் லத்தீனில் எழுதிய வின்சென்ட்டி கத்வூபெக், 1208 முதல் 1218 வரை கிராகோவ் ஆயராக இருந்தவர், அதைச் சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் மகள் கேட்ட கதை அதில் இல்லை. கத்வூபெக் சொல்வது இது: குகையில் ஒரு பூதவிலங்கு, எதையும் முழுதாக விழுங்கும். கிராக் மன்னன் தன் இரண்டு மகன்களை அனுப்பினான். அவர்கள் மாட்டுத்தோலில் எரியும் கந்தகத்தை அடைத்து முன்னால் போட்டார்கள், அது விழுங்கி மூச்சடைத்துச் செத்தது. பிறகு தம்பி அண்ணனைக் கொன்றுவிட்டு, டிராகன் கொன்றுவிட்டது என்று அழுதுகொண்டே வந்தான். அரசும் கிடைத்தது. உண்மை வெளியானதும் நாட்டை விட்டுத் துரத்தினார்கள். என் பார்வையில் இது டிராகன் கதையே இல்லை, பங்காளிக் கொலைக் கதை. 15-ஆம் நூற்றாண்டில் யான் த்வூகோஷ் என்ற வரலாற்றாசிரியர் எழுதும்போது டிராகனைக் கொல்ல வழி செய்தவன் மன்னன் கிராக்கே என்றாகிறது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளிவந்த, பியெல்ஸ்கி பெயரிலான வரலாற்று நூலில்தான் ஸ்குபா என்ற செருப்புத் தொழிலாளி வருகிறான். கந்தகம் தின்ற டிராகன் தாகம் தாங்காமல் விஸ்துலா ஆற்றையே குடித்து வயிறு வெடித்தது என்ற, எல்லாக் குழந்தைகளும் அறிந்த கதையின் நாயகன் அவன். இளவரசர், மன்னர், செருப்புத் தைப்பவர் என்று நானூறு வருடத்தில் நாயகன் பட்டம் கைமாறிப் போனதைப் பாருங்கள். ஊர் தனக்கு வேண்டிய நாயகனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

அண்ணன் தம்பிக் கொலை மட்டும் எங்கும் போய்விடவில்லை, சதுக்கத்துக்கு இடம் மாறி வந்தது. மரியாள் ஆலயத்தின் இரண்டு கோபுரங்களையும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒன்றாகக் கட்டினார்கள், தம்பியின் கோபுரம் தன்னுடையதைவிட உயர்ந்துவிடும் என்று அண்ணன் அவனைக் கத்தியால் குத்தினான் என்பது அந்தக் கதை. எதிரே துணிச்சந்தை மண்டபமான சுகென்னித்சேயின் வாசல் வளைவில் ஒரு இரும்புக் கத்தி தொங்கும், அதுதான் அந்தக் கத்தி என்று காட்டுவார்கள். திருட்டுக்குத் தண்டனை என்ன என்பதைச் சந்தைக்கு வருபவர்களுக்கு நினைவுபடுத்தத் தொங்கவிட்டது அது என்பது வரலாறு சொல்லும் விளக்கம்.

வாவெல் அடிவாரத்தில் ப்ரோனிஸ்வாவ் ஹ்ரோமி என்ற சிற்பி செய்து 1972-ல் நிறுத்திய உலோக டிராகன், எரிவாயுவால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நெருப்புக் கக்கும். அதற்குப் பின்னால் உள்ள குகைக்குள் இறங்கிப் பார்க்கலாம், ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மேலே பேராலய வாசலில் சங்கிலியில் பெரிய எலும்புகள் தொங்குகின்றன, டிராகனுடையவை என்பது ஊர்ப் பேச்சு. மாமூத், திமிங்கலம், கம்பளிக் காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவை விழும் நாளில் உலகம் முடியும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு.

இப்போது சிவபெருமான் கல். கோட்டை முற்றத்தின் ஒரு மூலையில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித கெரியோன் ஆலயத்தின் அடித்தளம் இருக்கும் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்துக் கண் மூடி நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். சிவன் ஏழு கற்களை ஏழு திசையில் எறிந்தார், அவை டெல்லி, மெக்கா, ஜெருசலேம், ரோம், டெல்ஃபி, செக் நாட்டின் வெலெஹ்ராட், கிராகோவ் ஆகிய இடங்களில் விழுந்தன, அங்கெல்லாம் பூமியின் சக்கரம் இருக்கிறது என்பது நம்பிக்கை. நம் புராணங்களில் அப்படி ஒரு கதை கிடையாது. சக்கரம் என்பது நம் சித்தர் மரபில் மூலாதாரம் முதல் மேலே போகும் ஆதாரங்கள், உடம்புக்குள் இருப்பவை, ஊர் ஊராக விழுந்த கற்கள் இல்லை. ஏழு ஊர்ப் பட்டியலைப் பார்த்தாலே ஐரோப்பியர் ஒருவரின் கையில் இருந்த உலகப்படம் தெரிகிறது. இந்த நம்பிக்கை பரவியது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில். அப்போது போலந்தில் பிரம்மஞான சங்கத்தார் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அந்தச் சங்கத்தின் உலகத் தலைமையகம் 1882 முதல் நம் அடையாறில்தான். அந்தப் போலந்துக் குழுவின் முன்னணியில் இருந்த வாண்டா டைனோவ்ஸ்கா 1935-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார், உமாதேவி என்ற பெயரில் வாழ்ந்து, சென்னையில் போலிஷ்-இந்திய நூல்வரிசை ஒன்றையும் தொடங்கினார். கல் கதையை அவரோடு முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. அந்தச் சூழலில் எழுந்த கதை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோட்டை நிர்வாகத்துக்கு இதில் விருப்பம் இல்லை, சாய்ந்து சாய்ந்து சுவர் கறுத்துப்போகிறது என்று தடுத்தும் பார்த்தார்கள். அங்கே போகும்போது உங்கள் நெற்றியில் திருநீறு இருந்தால் யாராவது வந்து உங்களிடமே விளக்கம் கேட்பார்கள். என்னிடம் ஒரு பாட்டி கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "பரவாயில்லை மகனே, என் முதுகுவலிக்கு இங்கே நின்றால் இதமாக இருக்கிறது" என்றார். அவரோடு விவாதிக்க எனக்கு மனம் வரவில்லை, வெயில் படும் மூலை அது.

எந்த மாதம் போவது? ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு மறுநாள் எமாவுஸ், அதற்கு மறுநாள் ரென்காவ்கா. ஈஸ்டரிலிருந்து 60-ஆம் நாள் திருவிருந்துப் பெருவிழா, அதற்கு அடுத்த வியாழன் லைகோனிக், பெரும்பாலும் ஜூனில் விழும். ஜூன் 23-ஐ ஒட்டி வாவெல் அடியில் ஆற்றில் பூவளையம் விடும் வியான்கி நடக்கும். இன்று அது பெரும்பாலும் பாட்டுக் கச்சேரியாகிவிட்டது, அதற்காகவென்று பயணத் தேதியை மாற்ற வேண்டாம். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் நாள். மாலையில் ரகோவித்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் லட்சக்கணக்கில் விளக்குகள் எரியும், அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். வாசலில் மியோதெக் துரெத்ஸ்கி என்று சர்க்கரைப்பாகில் கொட்டைகள் போட்ட மிட்டாய் விற்பார்கள். கிராகோவ் கல்லறை வாசல்களில்தான் அது விசேஷம்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நான் டிசம்பர் முதல் வியாழனைத்தான் சொல்வேன். அன்று ஷோப்கா போட்டி. கிறிஸ்து பிறப்புக் குடில்தான், ஆனால் மாட்டுக்கொட்டகை இல்லை. மரியாள் ஆலயக் கோபுரங்கள், வாவெலின் பொன் கும்மட்டம், சுகென்னித்சே வளைவுகள் எல்லாம் சேர்ந்த ஒரு கனவு மாளிகை, அதன் நடுமாடத்தில் குழந்தை இயேசு. 19-ஆம் நூற்றாண்டில் கிராகோவைச் சுற்றியிருந்த கொத்தனார்களும் தச்சர்களும் பனிக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோடையெல்லாம் தாங்கள் பூசிய, பழுதுபார்த்த கட்டடங்களையே அட்டையிலும் மெல்லிய பலகையிலும் செய்து, பொம்மையாட்டத்தோடு வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டுப் பாடிக் காசு வாங்குவார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பிறந்த கலை. பழக்கம் மங்கிய நேரத்தில், 1937-ல், யெஷி தோப்ஷித்ஸ்கி முயற்சியில் போட்டியாக்கினார்கள். போரின்போது நின்றது, 1945-லேயே திரும்பத் தொடங்கியது. 2018-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. போலந்திலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் மரபு இதுதான்.

பல வருடம் ஷோப்கா செய்துவரும் முதியவர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு அக்டோபரில் போயிருந்தேன். சமையலறை மேசை முழுக்க ஜிகினாத் தாள். வீட்டார் வருடம் முழுக்கத் தின்ற சாக்லேட் சுற்றிய தாள்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் கரண்டியின் முதுகால் தேய்த்துச் சுருக்கம் எடுத்தார், நிறம் நிறமாகப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கினார். கோபுரத்தின் ஒரு ஜன்னலுக்கு மூன்று நிறம், விரல்நக அளவு. இடுக்கியால் எடுத்து ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும் பிடித்துக்கொண்டேன். அந்த நகரத்தில் கதை ஒன்றுமே சொல்லாமல் என்னை உலுக்கியது அந்த மேசைதான். கதை அங்கே தேவைப்படவில்லை, ஆலயத்தை மனப்பாடமாக அறிந்த கை இருந்தது.

காலையிலேயே சதுக்கத்தில் கவிஞர் மிச்கியெவிச் சிலையடிக்குப் போய்விடுங்கள். தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஷோப்காக்களைப் படிக்கட்டில் வைத்திருப்பார்கள், ஆளுயரத்தைத் தாண்டியதும் இருக்கும், உள்ளங்கையில் அடங்குவதும் இருக்கும். செய்தவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாக விளக்குவார்கள், உங்கள் மகள் மொழிபெயர்ப்பாள். கால் விறைத்துப்போகும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். நண்பகலில் கோபுரத்து ஜன்னல் திறந்து ஹெய்னவ் கேட்கும். அது அறுந்ததும் எல்லாரும் தங்கள் ஷோப்காவைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி ஊர்வலமாக நடக்கத் தொடங்குவார்கள். காற்றில் ஜிகினா சலசலக்கும். பிப்ரவரி வரை அருங்காட்சியகத்தில் கண்காட்சியாகவும் வைப்பார்கள், ஆனால் கண்ணாடிக்குள் அந்தச் சத்தம் வராது.